ஒப்புதல் வாங்குவதற்கு முன்பே கிளம்பிவிடும் தகவல்

இலவச ஆப்பைத் திறந்ததும் கீழே ஒரு விளம்பரம் வருகிறதே, அதை ஆப்பைச் செய்தவர் அங்கே வைப்பதில்லை. விளம்பர நிறுவனம் தரும் எஸ்டிகே என்ற நிரல் தொகுப்பை ஆப்புக்குள் சேர்த்துவிடுகிறார், அவ்வளவுதான். போனின் விளம்பர அடையாள எண், ஐபி முகவரி, சில சமயம் ஜிபிஎஸ் இருப்பிடம், ஆப்பின் பெயர் எல்லாம் அதன் வழியாக ஏலச் சந்தைக்குப் போகும். ஒரு நொடிக்குள் ஏலம் முடிந்து, ஜெயித்தவரின் விளம்பரம் திரைக்கு வரும். தோற்றவர்கள் கைக்கும் தகவல் போயிருக்கும் என்பதுதான் எனக்கு உறுத்துகிற விஷயம்.

"ஆப்போட பேர் தெரிஞ்சா என்ன ஆகிடும்?"னு கேட்கலாம். கிரைண்டர் வழக்கைப் பாருங்கள். அது பெரும்பாலும் தன்பால் ஈர்ப்பாளர்கள் பயன்படுத்தும் டேட்டிங் ஆப். அதன் இலவசப் பதிப்பு பயனரின் இருப்பிடம், வயது, பாலினம், விளம்பர எண் ஆகியவற்றை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று 2020 ஜனவரியில் நார்வே நுகர்வோர் கவுன்சில் புகார் செய்தது. 2021 டிசம்பரில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது.

ஆணையம் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, ஒருவர் இந்த ஆப்பில் இருக்கிறார் என்பதே அவருடைய பாலியல் நாட்டத்தைக் காட்டிவிடும். ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டத்தில் அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. இரண்டு, தனியுரிமைக் கொள்கை முழுவதையும் ஏற்றால்தான் உள்ளே போக முடியும் என்று வைத்திருந்தார்கள். விளம்பரத்துக்காகத் தகவலைப் பகிரலாமா என்று தனியாகக் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் சொல்லும் 'சரி'யை சட்டம் ஒப்புதலாக எடுத்துக்கொள்வதில்லை.

சென்னையில் உட்கார்ந்து ஆப் செய்தாலும், ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அதைக் கொடுத்தால் இந்தச் சட்டம் உங்களையும் பிடிக்கும். நான் புரிந்துகொண்ட வரையில், செய்ய வேண்டியதில் முக்கியம் வரிசைதான்: முதலில் கேள்வி, அப்புறம் பதில், அதற்குப் பிறகுதான் எஸ்டிகே இயங்க வேண்டும். பல ஆப்களில் இது தலைகீழாக நடக்கிறது. பெட்டி திரையில் தெரியும்போதே பின்னால் தகவல் கிளம்பியாச்சு. 'ஏற்கிறேன்' பொத்தான் இருக்கும் இடத்திலேயே, அதே அளவில் 'வேண்டாம்' இருப்பது நல்லது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்கணும். ஐபோனில் 2021 ஏப்ரலிலிருந்து ஆப்பிள் காட்டச் சொல்லும் 'பின்தொடர அனுமதிக்கலாமா' பெட்டி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஆப்பிளின் விதி; சட்டம் கேட்கும் ஒப்புதல் வேறு.

பயனராக நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. புதிய ஆண்ட்ராய்டு போன்களின் செட்டிங்ஸில், தனியுரிமைப் பகுதியில், விளம்பர அடையாள எண்ணையே அழித்துவிடலாம். விளம்பரம் நிற்காது. ஆனால் உங்களை ஆப்புக்கு ஆப் சுலபமாகத் தொடர உதவிய ஒரு கயிறு அறுந்துவிடும்.