கீறலுக்கு முன் ஒரு கணிப்பு

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரலைப் போலத் தொங்கும் சிறு குழாயே குடல்வால். அதில் அழற்சி ஏற்பட்டால், வயிற்றைக் கீறி அதனை அகற்றுவதே நெடுங்கால வழக்கம். 1980ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்னும் பெண்நோய் மருத்துவர், சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திக் குடல்வாலை அகற்றிக் காட்டினார். அன்று அறுவை மருத்துவர் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். இன்று பல நாடுகளில் அம்முறையே பெரிதும் விரும்பப்படுகிறது.

துளைவழி அறுவையில், கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றுக்குள் இடம் உண்டாக்குவர். கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்தே மருத்துவரின் கை இயங்கும். வீங்கியிருக்கும் குடல்வால் பெரும்பாலும் எளிதில் வெளிவந்துவிடும். அதுவே துளைபட்டு, சீழ் கட்டி, அண்டையிலுள்ள குடலோடு ஒட்டிக்கொண்டிருப்பின், எது குடல்வால், எது குடல் எனப் பிரித்தறிவதே அரிதாகும். விரலால் நேரே தொட்டுணரும் வாய்ப்பும் இம்முறையில் இல்லை.

இவ்விடரை முன்னரே அறிய இயலுமா? ஓரளவு இயலும். வலி தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்னும் எளிய வினாவே இதற்குப் பெருந்துணை. ‘வாயுப் பிடிப்பு’ என்றெண்ணிக் கைவைத்தியத்திலேயே நான்கு நாள்களைக் கழித்துவிட்டு வருபவரிடம் சீழ்க்கட்டியை எதிர்பார்த்தே ஆகவேண்டும். வலி திடீரெனத் தணிந்தது என்பதையும் உடனே நற்செய்தியாகக் கொள்ளலாகாது. குடல்வால் வெடித்தபின்பும் சிறிது நேரம் வலி குறைவதுண்டு. இரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம் மிக உயர்ந்திருத்தல், ஸ்கேனில் சீழ்க்கட்டி தென்படுதல், முந்தைய வயிற்று அறுவையின் தழும்பு, மிகுந்த உடற்பருமன் ஆகியனவும் எச்சரிக்கைக் குறிகளே.

1986இல் ஆல்வராடோ வெளியிட்ட பத்து மதிப்பெண் அளவுகோலை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நோய் உண்டா என்பதைக் கணிக்க உதவுவது. அறுவை எளிதா அரிதா என்பதை அளக்க எழுந்ததன்று.

கடினம் எனக் கணித்தால், அனுபவம் மிக்க மருத்துவர் உடனிருப்பார். வசதி குறைந்த மருத்துவமனையாயின், நோயாளியை முன்னதாகவே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். பெரிய சீழ்க்கட்டி இருப்பின், அதனை முதலில் வடித்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அளித்து, அறுவையைத் தள்ளிவைப்பதும் உண்டு. நடுவில் திறந்த அறுவைக்கு மாறுவதைத் தோல்வியாகக் கருதுவோர் உளர். உயிரைக் காக்கும் முடிவு எங்ஙனம் தோல்வியாகும்? அதற்கான வாய்ப்பை உறவினரிடமும் நோயாளியிடமும் முன்கூட்டியே எடுத்துரைத்திருந்தால், மயக்கம் தெளிந்து எழுபவர், சிறு கட்டுகளுக்கு மாறாக நீண்ட தையலைக் கண்டு திகைக்கமாட்டார்.