சாணத்தைத் தின்ன யார் இருக்கிறார்கள்?

ஒன்றின் எச்சம் இன்னொன்றின் இரை என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று, திரும்பவும் சொல்லப்போவதில்லை. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரில் அனல்மின் நிலையத்தின் நீராவியையும் ஜிப்சத்தையும் பக்கத்து ஆலைகள் வாங்கிக்கொண்ட கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சாணி வண்டு குறுக்கே வந்துவிட்டதால் அது அடுத்த வாரத்துக்குப் போகிறது.

1788-இல் ஆஸ்திரேலியாவில் குடியேற வந்த ஆங்கிலேயர்கள் மாடுகளையும் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாடு வந்தது, அதன் சாணத்தைத் தின்னும் வண்டு வரவில்லை. அந்த மண்ணுக்கே உரிய சாணி வண்டுகள் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. ஆனால் அவை கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை போடும் ஈரச் சாணத்தைப் பெரும்பாலும் சீண்டவில்லை. அது வெயிலில் வறட்டியாகி மாதக்கணக்கில் கிடந்தது. அடியில் புல் செத்தது. சுற்றி வளர்ந்த புல்லை மாடு முகர்ந்துவிட்டு விலகியது. ஈரம் காயும்வரை ஈக்கள் அதில் பெருகின. எருவாக வேண்டிய பொருள் மேய்ச்சல் நிலத்தையே கெடுத்தது. சாணத்தில் எந்தக் குற்றமும் இல்லை, தின்ன ஆள் இல்லை, அவ்வளவுதான். ஹங்கேரியிலிருந்து குடியேறிய பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிஸா இதைப் புரிந்துகொண்டார். அவர் முனைப்பில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் அரசு ஆய்வு அமைப்பு 1965 முதல் 1985 வரை ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வண்டுகளைக் கொண்டுவந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட வகைகளை விட்டார்கள். இருபத்துச் சொச்சம் நிலைத்தன. ஏன் இத்தனை? கோடையில் உழைப்பது குளிரில் ஒடுங்கும். மணலில் தோண்டுவது களிமண்ணில் திணறும். சில பகலில் பறக்கும், சில அந்தியில்தான் கிளம்பும். நகரத்துக்கு ஒரு மறுசுழற்சி ஆலை கட்டினால் போதும் என்று திட்டம் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். வண்டுகள் நிலைத்த பல இடங்களில் சாணம் மண்ணுக்குள் போனது, ஈத்தொல்லையும் குறைந்தது.

வெளியூர் உயிரினத்தை இறக்குவது விபரீதமல்லவா என்பது நியாயமான கேள்வி. கரும்பு வண்டை ஒழிக்க 1935-இல் குயின்ஸ்லாந்தில் விட்ட தேரைகள் அந்த வண்டை ஒழிக்கவில்லை; தாமே பெரும் தொல்லையாகப் பரவின. ஆனால் தேரை கண்டதையும் தின்னும். இங்கே சாணமே உணவான வண்டுகளைத்தான் தேர்ந்தார்கள். முட்டைகளைக் கிருமிநீக்கித் தனிமைப்படுத்தி வளர்த்த பிறகே வெளியே விட்டார்கள். (அந்தத் தேரைகள் இப்போது சாணி வண்டுகளையும் தின்கின்றன என்பது கொசுறுச் செய்தி.)

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது: சாணம் மக்கும், ஆலைக் கழிவு மக்காது, இயற்கையின் கணக்கு தொழிலுக்கு எப்படிப் பொருந்தும்? இதற்கும் மாட்டிடமே பதில் இருக்கிறது. குடற்புழு நீக்க ஐவர்மெக்டின் கொடுத்தால், மருந்து சாணத்தோடு வெளியேறி அதில் வளரும் வண்டுப் புழுக்களைக் கொல்லும். அப்போது சாணமும் தின்னத் தகாத கழிவுதான். ஒரு பொருளில் எதைக் கலப்பது என்று முடிவெடுக்கும்போதே, பிற்பாடு அதை யாரால் தின்ன முடியும் என்பதும் முடிவாகிவிடுகிறது. பிளாஸ்டிக்கையும் அலுமினியப் பூச்சையும் மையையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிச் செய்த சிப்ஸ் பாக்கெட்டை வாங்கிக்கொள்ள ஆலைகள் தயங்குவது இதனால்தான். அதைத் தெருவில் போட்டவரை மட்டும் திட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வடிவமைத்தவரைக் கேட்க வேண்டும்.

(தொடரும்)