கை நடுங்கினாலும் கவலை இல்லை: ஆளுக்கு ஏற்ப மாறும் கம்ப்யூட்டர் திரை

கம்ப்யூட்டரில் குட்டி பட்டனை மவுசால் அழுத்துவது பலருக்கு சாதாரண வேலை. கை நடுங்குபவர்களுக்கோ அது பெரும்பாடு. ஒன்றை அழுத்தப் போனால் பக்கத்தில் இருப்பது அழுந்திவிடும்.

இதற்கு வழி தேடியவர் கிஷிஷ்டோப் கயோஸ். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், 2008-ம் ஆண்டு முடித்த டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்காக 'சப்பிள்' என்ற சாப்ட்வேரை உருவாக்கினார்.

அது எப்படி வேலை செய்கிறது? 'உங்களுக்கு என்ன நோய்?' என்று கேட்காது. முதலில் சின்னதாக ஒரு டெஸ்ட். மவுசை நகர்த்த, அழுத்த, இழுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும். பிறகு கணக்குப் போட்டு, அந்த ஆளுக்கு எது சுலபமோ அப்படி திரையை அமைத்துக் கொடுக்கும். குறி தவறுபவருக்கு பட்டன் பெரிதாகும். கையை அதிகம் நகர்த்த முடியாதவருக்கு பட்டன்கள் கிட்டக்கிட்ட வந்துவிடும்.

கை அசைவில் குறைபாடு உள்ள 11 பேரிடம் இதை சோதித்தார்கள். வழக்கமான திரையை விட 26 சதவீதம் வேகமாக வேலை முடிந்தது. தவறுகள் 73 சதவீதம் குறைந்தன.

இன்று பணம் அனுப்புவது முதல் டிக்கெட் எடுப்பது வரை எல்லாமே செல்போன் திரைக்கு வந்துவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது. கையைப் பார்த்து தானே மாறும் திரைதான் இன்னும் பரவலாக வரவில்லை.