ஐந்து ஊர், ஒரே சைக்கிள்

பக்கத்து ஊர்களோடு கூட்டு வாடகை சைக்கிள் திட்டத்தில் சேருவதா, வேண்டாமா? கலிபோர்னியாவின் சிறு நகரங்கள் கற்ற பாடம் சண்டிகர் வட்டாரத்துக்கும் பொருந்தும்.

சைக்கிளுக்கு ஏற்ற ஊர் என்றால் பாலோ ஆல்டோதான். பக்கத்திலேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். மேடு பள்ளம் அதிகம் இல்லாத சாலைகள். சைக்கிள் மிதிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்காத மக்கள். ஆனாலும், சான் பிரான்சிஸ்கோ வளைகுடா வட்டாரத்தின் கூட்டு சைக்கிள் திட்டத்தில் 2013-ல் இணைந்த இந்த நகரம் 2017-ல் அதிலிருந்து விலகிவிட்டது. கூடவே மவுண்டன் வியூ, ரெட்வுட் சிட்டி என்ற இரு நகரங்களும் விலகின.

திட்டம் ஒன்றும் புதிரல்ல. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த வாடகை சைக்கிள் கடையின் நவீன வடிவம்தான் இது. கடைக்காரருக்குப் பதில் கம்ப்யூட்டர். நோட்டுப் புத்தகத்துக்குப் பதில் உறுப்பினர் அட்டை. ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: எடுத்த இடத்திலேயே திருப்பி விட வேண்டியதில்லை. ஒரு ஸ்டேஷனில் எடுத்து, போகிற இடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில் பூட்டிவிட்டுப் போகலாம்.

கலிபோர்னியத் திட்டம் 2013 ஆகஸ்டில் 700 சைக்கிள்கள், 70 ஸ்டேஷன்களுடன் தொடங்கியது. முன்னின்று நடத்தியது, வட்டாரத்தின் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு. கால்ட்ரெயின் ரயிலில் வந்து இறங்குபவர்கள் அலுவலகம் வரை காரில்லாமல் போக வேண்டும் என்பது நோக்கம். ஐந்து நகரங்கள் பங்கு போட்டுக்கொண்டன. சான் பிரான்சிஸ்கோவுக்கு 35 ஸ்டேஷன்கள், சான் ஹோசேக்கு 16, மவுண்டன் வியூவுக்கும் ரெட்வுட் சிட்டிக்கும் தலா 7. பாலோ ஆல்டோவுக்குக் கிடைத்தது வெறும் 5.

கோளாறு இந்தப் பங்கீட்டிலேயே இருந்தது. சவாரிகளில் மிகப் பெரும்பாலானவை சான் பிரான்சிஸ்கோவிலேயே நடந்தன. சிறு ஊர்களின் சைக்கிள்கள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றன. இதற்கு மக்களின் அலட்சியம் காரணமல்ல. இத்தகைய திட்டங்களில் ஸ்டேஷன்களுக்கு இடையே சுமார் 300 மீட்டர் தூரம்தான் இருக்க வேண்டும் என்பது வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. ஒரு ஊர் முழுவதற்கும் ஐந்தே ஸ்டேஷன் என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்காது. இருந்தாலும் போக வேண்டிய இடத்தில் இருக்காது. பக்கத்து ஊருக்கு ஓட்டலாம் என்றாலோ, இடையில் பல கிலோமீட்டர். 30 நிமிடம் தாண்டினால் கூடுதல் கட்டணம். சொந்த சைக்கிள் வைத்திருப்பவர் இதை ஏன் தேடிப் போகப் போகிறார்?

பிறகு பணப் பிரச்சினை வந்தது. 2015-ல் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் மோட்டிவேட் என்ற தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. நிறுவனம் தன் செலவில் 7,000 சைக்கிள்கள் இறக்கும். ஆனால் சான் பிரான்சிஸ்கோ, சான் ஹோசே, ஓக்லண்ட், பெர்க்லி, எமரிவில் ஆகிய ஐந்து நகரங்களில் மட்டும். மற்றவர்களுக்கும் கதவு திறந்துதான் இருந்தது, சொந்தக் காசு போட்டால். மூன்று சிறு நகரங்களும் கணக்குப் பார்த்தன, ஒதுங்கிக்கொண்டன. 2018-ல் மோட்டிவேட்டை லிஃப்ட் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டு திட்டத்தின் பெயரும் பே வீல்ஸ் என்று மாறியது.

சேருவதே தவறு என்று இதற்கு அர்த்தமல்ல. தலைநகர் வாஷிங்டன் வேறு வழியில் போனது. அங்கே 2010-ல் தலைநகரும், போடோமாக் நதிக்கு அப்பால் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் ஆர்லிங்டனும் கூட்டாகத் தொடங்கின. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் சைக்கிளையும் ஸ்டேஷனையும் தானே வாங்கும். அட்டை மட்டும் எல்லோருக்கும் ஒன்று. 2012-ல் அலெக்சாண்ட்ரியா சேர்ந்தபோது அதுவும் எட்டே ஸ்டேஷன்களுடன்தான் தொடங்கியது. ஆனால் ஊரெங்கும் தூவாமல் நெருக்கமான பழைய நகரத்தை ஒட்டியே வைத்தது. சொந்தச் சொத்து என்பதால் விரிவாக்கும் முடிவும் அதன் கையிலேயே இருந்தது.

இந்தியாவில் மைசூர் 2017-ல் 48 ஸ்டேஷன்கள், 450 சைக்கிள்களுடன் இறங்கியபோது இந்தச் சிக்கல் எழவில்லை. ஒரே ஊர், ஒரே மாநகராட்சி. சண்டிகர் 2020 டிசம்பரில் சோதனை ஓட்டம் தொடங்கியது. அதன் நிலைமை வேறு. ஒரு பக்கம் பஞ்சாபின் மொகாலி, மறுபக்கம் ஹரியானாவின் பஞ்ச்குலா. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிய நகரங்கள், ஆட்சிகளோ மூன்று. ஒன்றில் குடியிருந்து இன்னொன்றில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். சண்டிகரில் எடுத்த சைக்கிளை மொகாலியில் விட முடியாவிட்டால் அவர்களுக்குப் பாதிப் பயன்தான்.

இப்படிப்பட்ட கூட்டில் சேர யோசிக்கும் எந்த நகரமும் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். நடந்து போகும் தூரத்தில் ஸ்டேஷன் வைக்கப் போதுமான சைக்கிள்கள் கிடைக்குமா? அவை யாருடைய சொத்து? நிறுவனம் கைமாறினால் அல்லது கைவிட்டால் ஓட்டும் செலவு யாருடையது? பதில் இல்லாமல் சேருகிற ஊருக்கு மிஞ்சுவது, திறப்பு விழாப் புகைப்படமும் பெயர்த்தெடுத்த ஸ்டேஷன்களின் தடமும்தான்.