மாத்திரைக்கு முன்னால் ரத்தம்

மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. கரிவலம்வந்தநல்லூர் ஆனாலும் சென்னை ஆனாலும் பலர் செய்வது ஒன்றுதான்: மெடிக்கலில் சொல்லி நாலு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாட்டிக்குகள் அந்த வகை.

டைபாய்டை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் குளோராம்பெனிகால் அதற்குக் கைகண்ட மருந்து. 1972-இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டு அந்த மருந்துக்குக் கேட்கவில்லை. மருந்து கெட்டுப்போகவில்லை, கிருமி மாறிவிட்டது.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று ஆய்வகம் எப்படி அறிகிறது? ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்து, தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை மேலே வைப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெற்று வட்டம் விழுந்தால் மருந்து வேலை செய்கிறது. நோயாளிக்கு இந்தப் பதில் போதும், நாட்டுக்குப் போதாது. கிருமி எங்கிருந்து வந்தது, மருந்தை எதிர்க்க எப்படிக் கற்றது என்பதைத் தட்டு சொல்லாது.

அதைச் சொல்வது மரபணு வரிசை. கிருமியின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துச் சிறு துண்டுகளாக்கி, துண்டுகளின் எழுத்துகளை இயந்திரம் படிக்க, கணினி அவற்றைக் கோக்கிறது. டைபாய்டு கிருமிக்குச் சுமார் 48 லட்சம் எழுத்துகள். இரண்டு நோயாளிகளின் கிருமிகள் ஓரிரு எழுத்தில் மட்டும் வேறுபட்டால் அவை நெருங்கிய சொந்தம். இருவரும் ஒரே தண்ணீரைக் குடித்தார்களா என்று தேடலாம்.

2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், வழக்கமான மருந்துகள் பெரும்பாலானவற்றுக்கு அடங்காத டைபாய்டு கிளம்பியது. வரிசையைப் படித்தபோது, ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளிடம் காணப்படும் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தை அது சுமந்திருப்பது தெரிந்தது. ஓர் இனத்தின் ஆயுதம் இன்னோர் இனத்துக்குக் கைமாறியிருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் வலையமைப்பைத் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டைபாய்டு கிருமிகளின் மரபணு வரிசையைப் படித்துவருகிறது.

ஆனால் படிப்பதற்கு முதலில் கிருமி வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுத்தால், ஆய்வகக் குப்பியில் கிருமி வளராமலே போகலாம். அடையாளம் அழியும், எதிர்ப்பு மட்டும் ஊருக்குள் நடமாடும். அதனால் காய்ச்சல் நீடித்தால் டாக்டரிடம் போங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் ரத்தம் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். நாட்டின் கண்காணிப்பு அந்த ஊசிமுனையில்தான் தொடங்குகிறது.