மணிமுத்தாற்றில் இட்டுக் கமலாலயத்தில் எடுத்தல்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை வார்க்கும் கூடங்களுக்குள் புகுந்து பார்ப்பவர்களுக்கு, சூளையின் வெம்மையையும் பலகைகளின்மேல் வரிசை வரிசையாக உலரும் கொலுப் பொம்மைகளையும் காட்டிலும் அதிசயமான காட்சி ஒன்று அங்கே காத்திருக்கிறது. பொம்மையின் முன்பாதிக்குரிய பிளாஸ்டர் அச்சு, அங்குள்ளோர் வழங்கும் பெயரால் சொன்னால் மோல்டு, மேசைமீது மல்லாந்து கிடக்கும். அதற்குள் இருப்பது முகமன்று, முகத்தின் பள்ளம். மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் குழியும், குழிந்திருக்கவேண்டிய இடத்தில் மேடும் உள்ளன என்பதை விரலால் தடவி அறிந்துகொள்ளலாம். அங்ஙனம் அறிந்துகொண்ட பின்னரும், சற்றே விலகி நின்று ஒற்றைக் கண்ணால் உற்று நோக்கினால், அந்தப் பள்ளம் புடைத்தெழுந்து முழுமுகமாகி, நாம் இடமும் வலமும் நகர நகரத் தானும் திரும்பி நம்மைத் தொடர்வதுபோல் தோற்றமளிக்கும்.

ஆங்கிலேய உளவியல் அறிஞர் ரிச்சர்டு கிரெகரி, சார்லி சாப்ளின் முகமூடி ஒன்றை மெல்லச் சுழலவிட்டு, இந்தப் பிரமையை உலகறியச் செய்தார். கண் வெறுமே ஒளியை வாங்கிக்கொள்ளும் பலகணியன்று. வந்த ஒளியைக் கொண்டு மூளை ஓர் ஊகம் செய்கிறது. அவ்வூகத்தையே நாம் காட்சி என்கிறோம் என்பது அவர் கொள்கை. பிறந்த நாள் முதல் புடைத்த முகங்களையே கண்டு பழகிய மூளை, குழிந்த முகம் ஒன்று இருக்கக்கூடும் என்பதை, விரல் சாட்சி சொன்ன பிறகும், ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

இந்த மறுப்பையே மூலதனமாகக் கொண்டு சென்ற இருபது ஆண்டுகளாக ஒருவகை வீடியோ விளையாட்டுகள் தோன்றியிருக்கின்றன. பெருங் கம்பெனிகளின் பணமும் ஆள்பலமும் இன்றி, பெரும்பாலும் ஒருவரோ, ஒரு சிறு குழுவினரோ பல வருஷங்கள் உழைத்துச் சிருஷ்டித்தவை அவை. ஆடுகின்றவனுடைய உருவம் திரையில் தெரியாது. அவன் கண்ணே திரை. எதிரியைக் கொல்வதும் நாணயம் திரட்டுவதும் அவற்றில் அருமை. நடத்தல், நோக்குதல், தாண்டுதல், ஒரு பொருளை எடுத்து வேறோரிடத்தில் வைத்தல் என்ற நான்கைந்து செயல்களால், கனவிலே காணும் மாளிகைகள் போன்ற இடங்களைக் கடந்துசெல்ல வேண்டும். அவற்றை ஆடிப் பார்த்தவர்கள் தம் அனுபவத்தைச் சொல்லும்போது, 'பைத்தியக்கார உலகம்' என்றும் 'தலை சுற்றும் குழப்பம்' என்றும் தொடங்குவது வழக்கமாயிருக்கிறது. அத்தொடக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை. குழப்பம் போலத் தோன்றும் அவ்வுலகங்கள் ஒவ்வொன்றும் நம் உலகினும் கடுமையான ஒரு நியதிக்கு உட்பட்டவை. அந்நியதியைப் பிறர் சொல்லக் கேளாமல் நாமே கண்டுபிடிக்கும் கணத்தில் எழும் ஆனந்தத்துக்காகவே அவை இயற்றப்பட்டிருக்கின்றன.

2019ஆம் ஆண்டில் பில்லோ காசில் என்ற சிறு குழுவினர் வெளியிட்ட 'சூப்பர்லிமினல்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மேசைமீதிருக்கும் சதுரங்கக் காய் ஒன்றைக் கையிலெடுத்துத் தூரத்துச் சுவரை நோக்கிப் பிடித்து விட்டுவிட்டால், அது ஆளுயரத்துக்கும் மேற்பட்ட தூணாகத் தரையில் வந்து விழுகிறது. அதே காயைத் தொலைவில் நின்று எடுத்துக் காலடியில் விட்டால் சுண்டைக்காய் அளவாகிவிடுகிறது. முதன்முறை காண்பவர் இதை மந்திரஜாலம் என்பர். உண்மையில் இது எளிய கணிதம். பத்தடித் தொலைவில் ஓரடி உயரமுள்ள பொருளும், நூறடித் தொலைவில் பத்தடி உயரமுள்ள பொருளும் கண்ணுக்கு ஒரே அளவாகவே தெரியும். நிஜ உலகில் இவ்விரண்டில் எது உண்மை என்பதைப் பொருளே தீர்மானிக்கிறது. சூப்பர்லிமினலில் அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பார்ப்பவன் கைக்கு வருகிறது. கையில் பிடித்திருக்கும்வரை பொருளின் தோற்ற அளவு மாறாது. விட்ட மாத்திரத்தில் அது பார்வைக்கோட்டின் வழியே சென்று எதிர்ப்படும் சுவரை அடைந்து, சென்ற தூரத்துக்கேற்ற பருமனை அடைந்துவிடுகிறது. அளவு என்பது பொருளுக்கு உரியது என்று பள்ளிக்கூடத்திலிருந்து நாம் நம்பிவந்த நம்பிக்கை அரைமணி நேரத்தில் ஆட்டங் கண்டுவிடுகிறது.

விருத்தாசலத்துத் தொழிலாளர்களுக்கு இது ஒருவகையில் பழகிய பாடமே. ஈரமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது மண்ணின் கலவையையும் வெப்பத்தையும் பொறுத்தது. பத்தில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்கு மேலோ குறைந்துபோவது பீங்கானில் சகஜம். ஆகவே அச்சுக்கு மூலமாகும் உருவத்தைச் செய்பவர், தம் கண்ணெதிரே இருக்கும் உருவத்தையன்றி, நெருப்பைக் கடந்து வெளிவரப்போகும் உருவத்தை மனத்தில் இருத்தி, அதற்கேற்பப் பெரிதாகச் செய்யவேண்டியவராகிறார். கண்ணில் படும் அளவை நம்பாமல் நியதியை நம்பிக் கையை இயக்கும் அந்தப் பயிற்சியையே சூப்பர்லிமினல் ஆடுகின்றவனிடம் எதிர்பார்க்கிறது.

இவ்வூருக்கு இத்துறையோடு இன்னும் நெருங்கிய பந்தம் ஒன்று உண்டு. அதைச் சொல்லவேண்டும் என்ற ஆவலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பொருள் வேண்டிய சுந்தரமூர்த்தி நாயனார், முதுகுன்றம் எனப்பட்ட இவ்வூரின் இறைவனைப் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றதையும், அப்பொன்னை ஆண்டவன் ஆணைப்படி இங்கே மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு, காவிரிக்கும் தெற்கே வெகுதூரத்திலுள்ள திருவாரூரில் கமலாலயக் குளத்தில் இறங்கித் தேடி எடுத்ததையும் பெரிய புராணம் விரித்துரைக்கிறது. போகும் பொன்னிலிருந்து மாற்றுப் பார்ப்பதற்காகச் சிறு துண்டு ஒன்றை அவர் வெட்டி வைத்துக்கொண்டார் என்ற பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு துவாரத்தில் புகுந்து வேறொரு துவாரத்தில் வெளிவரும் பொருள் அதே பொருள்தானா, தன்மை மாறாமல் வந்திருக்கிறதா என்று சோதித்தறிய விரும்பும் புத்தி அது.

இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான 'போர்ட்டல்' அந்தச் சோதனையைத்தான் தன் சரீரமாகக் கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் 2005இல் செய்த 'நார்பாகுலர் டிராப்' என்ற சிறு முயற்சியைக் கண்டு, வால்வ் நிறுவனம் அவர்களையே வேலைக்கு அமர்த்திக்கொள்ள, 2007இல் போர்ட்டல் வெளிவந்தது. நிறுவனம் பெரிதாயினும் வித்து மாணவர்களுடையது. ஒரு கருவியால் ஒரு சுவரில் நீலத் துவாரமும் மற்றொரு சுவரில் ஆரஞ்சுத் துவாரமும் உண்டாக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளிவரலாம். இடம் மாறினாலும் வேகம் மாறாது என்பது அதன் நியதி. உயரத்திலிருந்து தரைத் துவாரத்தில் விழுகின்றவன், சுவர்த் துவாரத்தின் வழியே அதே வேகத்தோடு குறுக்காக வீசி எறியப்படுகிறான். விழுவதே பறப்பதற்கு வழியாகிறது. இதை வாயால் விளக்கினால் யாருக்கும் விளங்குவதில்லை. ஒருமுறை தானே பள்ளத்தில் விழுந்து, அகழிக்கு அப்பால் சென்று நின்றவனுக்கு மறுபடி விளக்கவேண்டியதும் இல்லை.

ஆஸ்திரேலியரான அலெக்ஸாண்டர் புரூஸ் 2013இல் வெளியிட்ட 'ஆன்டிசேம்பர்' இவற்றுள் எல்லாம் முரட்டுத்தனமானது. என் மனத்தில் ஆழமாகத் தங்கியதும் அதுவே. வெள்ளைச் சுவர்கள், கறுப்புக் கோடுகள், ஆங்காங்கே கண்ணைப் பறிக்கும் வர்ணம். தொடக்கத்திலேயே இரண்டு படிக்கட்டுகள் எதிர்ப்படும்: ஒன்று மேலே ஏறுகிறது, மற்றொன்று கீழே இறங்குகிறது. ஏறினாலும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வோம். இறங்கினாலும் அதே இடந்தான். எனக்கு இதை முதலில் காட்டிய உறவுப் பையன் அருகிலிருந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா, மேலயும் வேணாம், கீழயும் வேணாம். வந்த வழியே திரும்பி நடந்து பாருங்க" என்றான். திரும்பினால் வந்த வழி அங்கே இல்லை. புதியதொரு நடை திறந்திருந்தது. வேறோரிடத்தில் குதிக்கச் சொல்லும் எழுத்தை நம்பிப் பள்ளத்தின்மேல் குதித்தால் விழுகிறோம். விழுந்த இடத்திலோ தோல்விக்குப் பதிலாக மேற்செல்லும் பாதை இருக்கிறது.

இதன் சூட்சுமம் இன்னதென்று அறிந்த பின்பும் அதன் கவர்ச்சி குறைவதில்லை. ஒன்றுபோலவே அமைந்த நடைகள் இரண்டு, கணிப்பொறியின் உள்ளே வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. மூலை திரும்பும் நொடியில், ஆடுகின்றவன் அறியாதவாறு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவனை மாற்றிவிடுகிறார்கள். நாம் பாராத பக்கம் நாம் விட்டுவந்தபடியே இருக்கும் என்று நம்புவதற்கு நமக்குப் பழக்கத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் எதையும் நான் படித்ததில்லை.

மயன் சமைத்த மண்டபத்தில் துரியோதனன் பட்ட பாட்டைப் பாரதம் படித்தோர் நினைவுகூர்வர். பளிங்குத் தரையை நீரென்று எண்ணி ஆடையைத் தூக்கிக்கொண்டான், நீரைத் தரையென்று எண்ணி விழுந்தான், பார்த்திருந்தோர் நகைத்தார்கள், அந்நகைப்பு அவன் நெஞ்சில் நஞ்சாயிற்று. அந்த மண்டபமும் இவ்விளையாட்டுகளும் ஒரே யுக்தியால் ஆனவை. ஆனால் இங்கே நகைப்பதற்கு ஒருவரும் இல்லை. தனிமையில், எவர் கண்ணுக்கும் படாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் நீரில் விழலாம். மார்க்குக்கும் முந்துதலுக்கும் பயந்தே வளர்க்கப்படும் நம் பிள்ளைகளுக்கு இப்படியோர் இடம் கிடைப்பதை நான் சிறிய நன்மையாகக் கருதவில்லை.

தாண்டிக் குதித்தலைப் பற்றியும் சொல்லவேண்டும். தன் பாதத்தைத் தானே காணமுடியாத நிலையில் ஒரு திட்டிலிருந்து மற்றொரு திட்டுக்குத் தாவுவது எளிதன்று. 1995இல் ஜப்பானியர் செய்த 'ஜம்பிங் பிளாஷ்' என்ற விளையாட்டில், இரண்டாம் முறை எம்பும்போது பார்வை தானாகவே கீழ்நோக்கித் திரும்பி இறங்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. பின்வந்தோர் பலர் அந்தக் கருணையைக் காட்டவில்லை. நம் நாட்டவரான வித்வத் மதன் 2014இல் வெளியிட்ட 'லவ்லி பிளானட்' குழந்தைகளின் சித்திரப் புத்தகம் போன்ற இளவர்ணங்களும் குதூகலமான சங்கீதமும் கொண்டது. ஆயினும் ஓடியபடியே தாவவும் தாவியபடியே குறிபார்க்கவும் வேண்டியிருப்பதாலும், மேலே எறியப்படும் ஆப்பிள் தரையைத் தொடுமுன் அதைச் சுட்டு வீழ்த்தாவிட்டால் தொடக்கத்துக்கே திரும்பவேண்டியிருப்பதாலும், பழகிய கைகளையும் நடுங்கவைப்பது. இந்தியர் ஒருவர் இத்துறையில் தனித்து நின்று உலகெங்கும் ஆடுவோரைப் பெற்றார் என்பதை நம் பத்திரிகைகள் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை என்பது என் குறை.

குமட்டல் என்ற தொல்லையும் உண்டு. கண் ஓடுகிறது, உடல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. உட்காதின் சமநிலை உறுப்பு அசைவில்லை என்கிறது. இவ்விரு சாட்சியங்களின் முரணால் சிலருக்குத் தலைவலியும் வாந்தி உணர்வும் வருகின்றன. 2008இல் வந்த 'மிரர்ஸ் எட்ஜ்' என்ற விளையாட்டில் திரையின் நடுவே ஒரு சிறு புள்ளியை நிலையாக வைத்ததற்குக் காரணம் இதுவே. கண் பற்றிக்கொள்ள ஒன்று வேண்டியிருக்கிறது. வெளிச்சமுள்ள அறையில், திரையிலிருந்து சற்றுத் தள்ளி அமர்ந்து, இடையிடையே எழுந்து நடந்துவிட்டு வருவது நல்லது.

புதிதாகத் தொடங்குவோர் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் சூப்பர்லிமினலில் தொடங்கலாம், போர்ட்டல் அதற்கடுத்தது, ஆன்டிசேம்பர் கடைசியாக இருக்கட்டும். மூன்றிலும் ஆங்கிலப் பேச்சோ எழுத்தோ குறுக்கிடுகிறது. அது தெரியாதவர்களுக்கென்றே அமைந்ததுபோல், சொல்லே இல்லாத ஒன்று இருக்கிறது: வில்லியம் சைர் என்ற சிற்பக் கலைஞர், அதற்குமுன் எந்த விளையாட்டும் செய்து பழகாதவர், 2012இல் தொடங்கி 2019இல் முடித்த 'மேனிபோல்டு கார்டன்'. எஸ்ஷர் என்ற டச்சு ஓவியர் 1953இல் வரைந்த, படிக்கட்டுகளில் மனிதர் மூன்று திசைகளில் நடக்கும் சித்திரத்திலிருந்து பிறந்தது அது. எந்தச் சுவரையும் தரையாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு திசைக்கும் ஒரு வர்ணம். அந்தந்த வர்ணத்துக் கட்டை அந்தந்தத் திசை தரையாகும்போதுதான் அசையும். கட்டடங்கள் மேலும் கீழும் பக்கங்களிலும் முடிவின்றி அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வருகின்றன. விளிம்பிலிருந்து விழுந்தால் மரணமில்லை. விழுந்துகொண்டேயிருந்து, விழத்தொடங்கிய மாடத்தின் உச்சியிலேயே மீண்டும் வந்து இறங்கலாம். கதை சொல்ல வேண்டியதில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. மவுஸைப் பிடிக்கத் தெரிந்தால் எழுபது வயதுப் பாட்டியையும் பேரன் பக்கத்தில் உட்காரவைத்து அதை ஆடச் சொல்லலாம்.