குழந்தைகளின் உடல் பருமனுக்கு மருந்து... ஆய்வுக்குப் பணம் போடுவது யார்?

திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1-ம் தேதி, அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர். எந்தக் குழந்தையும் பசியோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்பதுதான் அன்றைய கவலை.

இன்று அதே திருச்சியில் பல வீடுகளின் கவலை வேறு. "கொழுகொழுன்னு இருந்தாத்தானே குழந்தைக்கு அழகு" என்று ஸ்ரீரங்கத்துப் பாட்டிகள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிய பிள்ளை, ஏழாம் வகுப்புக்கு வந்ததும் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது. கழுத்தின் பின்புறம் கருமை படர்கிறது. அம்மா பயந்துபோய் செல்போனில் தேடினால், 'எடை குறைக்கும் ஊசி' என்ற செய்திகள் வந்து விழுகின்றன.

அந்த ஊசியைப் பிள்ளைக்குப் போடலாமா? இதற்குப் பதில் தேடும்போது இன்னொரு கேள்வியும் முக்கியமாகிறது. அந்த மருந்தை ஆராய்ந்தது யார் பணத்தில்?

4 லட்சத்திலிருந்து 1.25 கோடி

1990-ல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமனோடு இருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல் அது 1.25 கோடியாகிவிட்டது என்கிறது, 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வு.

சென்னையில் 51 பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. தனியார் பள்ளிகளில் சுமார் 21 சதவிகிதப் பிள்ளைகளுக்கு எடை அதிகம். அரசுப் பள்ளிகளில் அது 4 சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை. வசதி கூடும் இடத்தில் எடையும் கூடுகிறது.

மருந்து என்ன செய்கிறது?

செமாக்ளுடைட், லிராக்ளுடைட் போன்ற மருந்துகள், சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலவே வேலை செய்கின்றன. பசி குறையும், வயிறு சீக்கிரம் நிறைந்த உணர்வு வரும். அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய பருமனான பிள்ளைகளுக்கு லிராக்ளுடைட் 2020-லும், செமாக்ளுடைட் 2022-லும் அனுமதிக்கப்பட்டன.

செமாக்ளுடைடுக்கு அந்த அனுமதியைப் பெற்றுத் தந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 201 பேர். ஆய்வுக்காலம் 68 வாரங்கள். மருந்து எடுத்தவர்களுக்கு பி.எம்.ஐ சராசரியாக 16 சதவிகிதம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் குறையவே இல்லை. பெரிய பலன்தான். ஆனால் மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 62 பேருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகளும் இருந்தன. வெற்று ஊசிக்காரர்களில் 42 பேருக்கு. மருந்து எடுத்த ஐந்து பேருக்குப் பித்தப்பைக் கல் வந்தது.

இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, மருந்தைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் நிறுவனம். 6 முதல் 11 வயதுக் குழந்தைகள் 82 பேரிடம் லிராக்ளுடைடைப் பரிசோதித்து 2024-ல் வெளியான ஆய்வுக்கும் அதே நிறுவனம்தான்.

கம்பெனியின் கேள்வி, அம்மாவின் கேள்வி

இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. அனுமதி கேட்பவர்தான் மருந்தை நிரூபிக்கவும் வேண்டும். ஆனால், பணம் போடுபவர் தனக்குத் தேவையான கேள்வியைத்தான் முதலில் கேட்பார். 'இந்த மருந்து வேலை செய்கிறதா?' என்பது கம்பெனியின் கேள்வி.

அம்மாவின் கேள்விகள் வேறு. ஊசியை எத்தனை வருடம் போட வேண்டும்? நிறுத்தினால் எடை திரும்புமா? வளரும் பிள்ளையின் எலும்புக்கும் உயரத்துக்கும் பாதிப்பு வருமா? இட்லி, சோறு சாப்பிடும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் இதே அளவுதான் பொருந்துமா?

கடைசிக் கேள்வி வெறும் சந்தேகம் அல்ல. இந்தியர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே உடலில் கொழுப்பு அதிகம். அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் நம் பிள்ளைகளுக்குத் தனி அளவுகோலை வைத்திருக்கிறது. அந்த 201 பேர் ஆய்வு நடந்த நாடுகளில் இந்தியா இல்லை.

நிறுத்தினால் என்னாகும் என்பதற்குப் பெரியவர்களிடம் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. செமாக்ளுடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது.

2026 மார்ச்சில் செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமை முடிவுக்கு வந்து, உள்நாட்டு நிறுவனங்களும் தயாரிக்க வழி பிறந்தது. விலை குறைவது நல்லதுதான். ஆனால், பலரும் தயாரிக்கும் மலிவான மருந்தைப் பத்து வருடம் பின்தொடர்ந்து ஆராய எந்த ஒரு நிறுவனத்துக்கும் பெரிய அவசரம் இருக்காது. அங்கேதான் பொதுப்பணம் வேண்டும்.

லாபம் பார்க்காத பணம்

அப்படிப்பட்ட பணம் என்ன செய்யும் என்பதற்கு 1990-களின் கேம்பிரிட்ஜ் உதாரணம். பிறவியிலேயே லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்காததால் 9 வயதிலேயே 94 கிலோ எடையோடு இருந்தாள் ஒரு சிறுமி. சதாஃப் ஃபரூக்கி, ஸ்டீபன் ஓ'ராஹிலி குழுவினர் அந்தக் குறையைக் கண்டுபிடித்து லெப்டின் ஊசி போட்டார்கள். ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தது. இது மிக அரிய நோய். இதில் பெரிய வியாபாரம் கிடையாது. ஃபரூக்கியின் ஆய்வுக்குக் கைகொடுத்தது வெல்கம் என்ற அறக்கட்டளை.

அவசரப்பட்டால் என்னாகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. எடை குறைக்கும் மாத்திரையாக இங்கே விற்ற சிபுட்ரமின், மாரடைப்பு, பக்கவாத ஆபத்து தெரியவந்த பிறகு 2011-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

பெற்றோர் செய்ய வேண்டியது

* ஆன்லைனில் பார்த்தோ, தெரிந்தவர் சொல்லியோ ஊசி வாங்காதீர்கள். திருச்சி புத்தூரில் உள்ள அரசு மருத்துவமனையிலோ, உங்கள் குழந்தை மருத்துவரிடமோ முதலில் காட்டுங்கள். தைராய்டு போன்ற காரணம் உண்டா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

* பிள்ளையை மருந்து ஆய்வில் சேர்க்கச் சொன்னால், அது சி.டி.ஆர்.ஐ எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் யாரும் பார்க்கலாம். பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கே அதில் தனி இடம் உண்டு.

* பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன 2019-ம் ஆண்டின் விதிகள்.

* மருந்து தொடங்கினாலும் இல்லாவிட்டாலும், சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் மூன்றையும் வீடே சேர்ந்து மாற்ற வேண்டும். பிள்ளையை மட்டும் குறை சொல்லி எடை குறையாது.

பசியை ஒழிக்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தபோது, லாபக் கணக்கு பார்க்காமல் பாப்பாக்குறிச்சியில் உலை வைத்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு எந்த மருந்து, எத்தனை நாள், யாருக்கு என்று கண்டறிவதும் அதே போன்ற பொதுக் கடமைதான்.